இறக்கத்தில் சார்ஜ் ஏறாத கார்

1. மூன்றாவது தடவை

அந்தக் கார் மூன்றாவது தடவையாக என் கடை வாசலில் வந்து நின்றபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்புதான் வந்தது. ஒரு தடவை திரும்பி வந்தால் ஏதோ விட்டுப்போயிருக்கும் என்று பார்க்கலாம். மூன்றாவது தடவையும் அதே புகாரோடு வந்தால், வேறு யாரிடமாவது காட்டுங்கள் என்று சொல்லிக் கைகழுவிவிடத்தான் தோன்றும்.

பெருமாள்மலையில் பழனி ரோடு பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி என் கடை இருக்கிறது. ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை. ஆல்டர்னேட்டரை எல்லாரும் டைனமோ என்று சொன்ன காலத்தில் தொழிலுக்கு வந்தவன் நான். இன்றைக்கும் மலைக்காரர்கள் அதை டைனமோ என்றுதான் சொல்கிறார்கள், நானும் திருத்துவதில்லை. எனக்கு ஒரு பெயர் உண்டு, ரேஷன் கார்டில் இருக்கிறது. கடைக்கு வருகிறவர்களுக்கு நான் பாய். அவ்வளவுதான்.

தொழிலில் பாதிக்காலம் டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகக் கிடந்ததில் கழுத்து போய்விட்டது. மிச்சப் பாதி குளிரில் ஈர ஒயரைப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துவிட்டது. சீசன் நேரத்தில் கீழேயிருந்து சுற்றுலா வருகிறவர்கள் ஏசியைப் போட்டு, பாட்டைப் போட்டு, நாலு போனைச் சொருகி மேலே ஏறி வந்து, ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு லைட்டை அணைக்காமல் குதிரை ஏறப் போய்விடுவார்கள். சாயங்காலம் எனக்குப் போன் வரும். அது நோயும் இல்லை, வைத்தியமும் இல்லை. பேட்டரியைக் கொண்டுபோய் வைத்து ஸ்டார்ட் பண்ணிவிட்டு வரவேண்டியதுதான். அந்த மாதிரி வேலையிலேயே வருஷம் ஓடுகிறது.

இந்தக் கார் அப்படி இல்லை. வடகவுஞ்சியில் காப்பியும் மலைவாழையும் போட்டிருக்கிற சவரிமுத்து அண்ணனுடைய பழைய டீசல் கார். ஸ்டீயரிங் மேல் சுற்றியிருக்கும் துணிகூடப் பொத்தல் விழுந்தது. ஆனால் இன்ஜின் நல்ல இன்ஜின். வாரத்தில் மூன்று நாள் அது பழனிக்கு இறங்கவேண்டும். அவருடைய மனைவி மேரியக்காவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை, டயாலிசிஸ் நடக்கிறது. விடிந்ததும் முதல் ஆளாக மெஷினில் படுக்கவேண்டும் என்பதால் இவர்கள் இருட்டோடு கிளம்பவேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. வாரத்துக்கு மூன்று தடவை அந்த நேரத்தில் மலை ஏறி வந்து கூட்டிப்போக எந்த டாக்சிக்காரரும் ஒத்துக்கொள்ளவில்லை.

புகார் இதுதான். கிளம்பும்போது ஒரு கிர்ரில் ஸ்டார்ட் ஆகிறது. பாதி மலை இறங்குவதற்குள் லைட் மஞ்சளாகிறது. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, மறுபடி கிளம்பும்போது செல்ஃப் மோட்டார் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறது. மலையில் என்றால் சரிவில் உருட்டி, கியரில் போட்டு எடுத்துவிடலாம். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருமே வண்டியை மூக்கு கீழே பார்க்கத்தான் நிறுத்துவார்கள். பழனி ஆஸ்பத்திரி வாசல் சமதரை. யாராவது தள்ளவேண்டும்.

முந்தைய நாளும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. டயாலிசிஸ் முடிந்து வந்த மேரியக்கா வெயிலில் நின்றிருக்கிறார். வண்டியைத் தள்ள ஆள் சேர்வதற்குள் அப்படியே சரிந்துவிட்டார். சவரிமுத்து அண்ணன் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, கடை ஓரத்தில் கிடந்த பழைய பேட்டரிகளைப் பார்த்துச் சொன்னார்.

"இந்தத் தடவையும் சரியா வரலைன்னா, பாய், பழனியிலயே மக வீட்டுல கொண்டு விட்டுரப் போறேன். எனக்கு வேற வழி தெரியல."

மேரியக்கா காரின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். "மக வீட்டுல ரெண்டாவது மாடி, பாய். ஒரு தடவை ஏறுனா எறங்க மாட்டேன். நல்லாப் பாருங்க." அவர் மிரட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. நான் பேட்டரி மூடியைத் திறக்கிறபோது கூட நின்று டார்ச் பிடிக்கிறவரைப் போலச் சொன்னார்.

2. கடையில் எல்லாம் சரி

தொழிலுக்கு வருகிற இளைய பிள்ளைகளுக்காக, சார்ஜிங் சிஸ்டத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

முதலில் பெல்ட். விரலால் அழுத்தினால் கொஞ்சம்தான் அமுங்கவேண்டும். பிறகு பேட்டரி டெர்மினல். பச்சை பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, சுரண்டி இறுக்கவேண்டும். அடுத்தது எர்த் ஒயர். பழைய வண்டியில் பாதிக் கோளாறு எர்த்தில்தான் இருக்கும். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகிற ஒயர் துருப்பிடித்திருந்தால் என்ன மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை. அதன் பிறகுதான் மீட்டரை எடுக்கவேண்டும். வண்டி நிற்கும்போது பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட். ஓடும்போது பதினாலு, பதினாலு சொச்சம். லைட், வைப்பர், புளோயர் எல்லாவற்றையும் போட்டபிறகும் பதிமூன்றரைக்குக் கீழே வரக்கூடாது. பதினைந்தைத் தாண்டினால் சார்ஜை அளவோடு விடுகிற கட்-அவுட் போய்விட்டது என்று அர்த்தம், பேட்டரி வெந்துவிடும். கடைசியாக, வண்டியை அணைத்துப் பூட்டி, ஏதாவது கரண்ட் கசிகிறதா என்று பார்க்கவேண்டும்.

சவரிமுத்து அண்ணனின் காரில் இது எல்லாம் சரியாக இருந்தது. முதல் தடவை வந்தபோதே சரியாக இருந்தது. டெர்மினலைச் சுத்தம் பண்ணி, எர்த்துக்கு ஒரு புது ஒயர் போட்டு அனுப்பினேன். இரண்டாவது தடவை ராத்திரி முழுக்கக் கடையில் நிறுத்திவைத்துக் கசிவு பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட இல்லை. எனக்கு முன்னால், பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடியில் ஒரு மெக்கானிக் ஆல்டர்னேட்டரையே மாற்றியிருந்தார். பழசில் கார்பன் பிரஷ் தேய்ந்துபோய் இருந்ததாம். அவர் மாற்றியது நல்ல சாமான், நல்ல வேலை. பேட்டரியும் புதிது. மூன்றாவது தடவையும் பானெட்டைத் திறந்து, மீட்டர் ஒயரைப் பேட்டரியில் மாட்டி, அண்ணனை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன்.

"டாஷ்போர்டுல லைட்டெல்லாம் எரியுதாண்ணே?" என்று பானெட்டுக்குள் தலையை விட்டபடியே கேட்டேன். எல்லாம் எரிகிறது என்று உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. ஆக்சிலேட்டரை மிதித்து ரேஸ் பண்ணச் சொன்னேன். இன்ஜின் உறுமியது. மீட்டர் பதினாலைத் தொட்டு அங்கேயே நின்றது. எல்லா லைட்டையும் போடச் சொன்னேன். அப்போதும் அசையவில்லை.

எனக்கு எரிச்சலாக இருந்தது. நோயாளி டாக்டரிடம் வந்ததும் காய்ச்சல் விட்டுவிடுகிற மாதிரி இந்தக் கார் என் கடைக்கு வரும்போதெல்லாம் நல்ல பிள்ளையாகிவிடுகிறது. மேரியக்கா சீட்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். காலில் செருப்புக்கு மேல் வீக்கம் தெரிந்தது. அதைப் பார்த்தபிறகு வண்டியில் ஒன்றுமில்லை என்று மறுபடியும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடையைப் பூட்டியபிறகு டீக்கடையில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. வடகவுஞ்சியிலிருந்து என் கடைக்கு வருவதென்றால் ஏற்றம். இன்ஜின் முக்கி முனகி உறுமிக்கொண்டுதான் ஏறும். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் முழுக்க இறக்கம். நான் இந்த வண்டியை ஒரு தடவைகூட இறக்கத்தில் பார்த்ததில்லை. யாருமே பார்க்கவில்லை. ஆயக்குடிக்காரரிடம் இது பழனியிலிருந்து தள்ளி ஸ்டார்ட் பண்ணி, மறுபடி நின்றுவிடுமோ என்ற பயத்தில் ஆக்சிலேட்டரை விடாமல் மிதித்துக்கொண்டு போயிருக்கும்.

சவரிமுத்து அண்ணனுக்குப் போன் பண்ணி, அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நானும் கூட வருகிறேன் என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர், "உங்களுக்கு எதுக்குச் சிரமம், பாய்" என்றார். அதை மரியாதைக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

3. மலை இறங்கியபோது

முந்தின நாள் சாயங்கால பஸ்ஸில் வடகவுஞ்சிக்குப் போய் அவர்கள் வீட்டிலேயே படுத்துக்கொண்டேன். மேரியக்கா எனக்குப் பெரிய டம்ளர் நிறைய காப்பி கொடுத்தார். அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று கணக்கு உண்டு. காலையில் ஒரு பாட்டிலில் பிடித்துவைத்து அதற்குள்தான் எல்லாம். அவர் காப்பி வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். எனக்குக் குடிக்கவே கூச்சமாக இருந்தது. "குடிங்க பாய், நீங்க குடிக்கலைன்னாலும் எனக்குத் தர மாட்டாங்க" என்று சிரித்தார்.

வெள்ளனே எழுந்து கிளம்பினோம். வெளியே பனிமூட்டம். கை நீட்டினால் கை தெரியாது. நான் பின் சீட்டில் உட்கார்ந்து, பேட்டரியிலிருந்து இழுத்த நீள ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து மீட்டரை மடியில் வைத்துக்கொண்டேன். மேரியக்கா சால்வையைப் போர்த்திக்கொண்டு முன் சீட்டில். அண்ணன் ஹெட்லைட், மஞ்சள் ஃபாக் லைட், வைப்பர், கண்ணாடி வேர்க்காமல் இருக்க புளோயர் எல்லாவற்றையும் போட்டார். அந்தப் பனியில் இது எதுவும் இல்லாமல் ஒரு வளைவுகூடத் திரும்ப முடியாது. கரண்டை மொத்தமாகக் குடிக்கிற சாமான்களும் இவைதான்.

அவர் ஓட்டுவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். இறக்கத்தில் நாங்கள் எல்லாரும் இரண்டாவது கியரில் போட்டு, இன்ஜின் இழுத்துப் பிடிக்க இறங்குவோம். இவர் பெரிய கியரில் போட்டு, பிரேக்கைப் பூப்போலத் தொட்டுத் தொட்டு, மாட்டுவண்டி வேகத்தில் இறக்கினார். இன்ஜின் சத்தமே கேட்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. சின்ன கியரில் போட்டால் வண்டி உறுமி வெட்டி இழுக்கும். அந்த அம்மாவுக்குக் குமட்டல் வந்துவிடும். அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டவில்லை, பக்கத்தில் இருக்கிற முகத்தைப் பார்த்து ஓட்டினார்.

மீட்டரில் கிளம்பும்போது பன்னிரண்டரைக்குக் கீழேதான் இருந்தது. நான் பதினாலுக்காகக் காத்திருந்தேன். அது வரவே இல்லை. பன்னிரண்டு ஆனது. சவரிக்காடு தாண்டும்போது பன்னிரண்டுக்கும் கீழே போய்விட்டது. ஆல்டர்னேட்டர் சுற்றுகிறது, ஆனால் ஒரு துளி கரண்டும் தரவில்லை. அத்தனை லைட்டும் பேட்டரியிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. முன்னால் வெளிச்சம் நிறம் மாறிக்கொண்டு வந்தது.

எனக்கு அப்போது ஓரளவு புரிந்துவிட்டது. "அண்ணே, சாவி போட்டதும் சார்ஜ் லைட்டு எரிஞ்சுச்சா? செவப்பா, பேட்டரி படம் போட்டிருக்குமே, அது?" என்று கேட்டேன்.

அண்ணன் துணியால் கண்ணாடியைத் துடைத்தார். வளைவு வந்தது, திருப்பினார். அடுத்த வளைவும் வந்தது.

மேரியக்காதான் சொன்னார். "அது முன்னால எரிஞ்சுக்கிட்டே வரும், பாய். எறக்கம் பூரா மினுக்கு மினுக்குன்னு. எனக்கு உசுரே இருக்காது. பிரேக்குதான் போச்சோ, என்னமோ ஆகப்போகுதோன்னு பாத்துக்கிட்டே வருவேன். ஆஸ்பத்திரிக்குப் போனா பிரஷர் ஏறிக் கெடக்கும், திட்டுவாங்க. இவருதான் ஒரு நா சரி பண்ணிட்டாரு. இப்ப எரியிறதே இல்ல."

கண்ணாடியில் அண்ணனின் கண் என்னைப் பார்த்தது. வேண்டாம் என்று சொல்லாமல் சொல்லியது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, ஆக்சிலேட்டரைப் பலமாக ஒரு மிதி மிதிக்கச் சொன்னேன். மிதித்தார். மீட்டர் ஒரே தாவலாகப் பதினாலுக்குப் போனது. முன்னால் பனியில் வெளிச்சம் பளீரென்று விரிந்தது. காலை எடுத்தபிறகும் குறையவில்லை. மேரியக்கா திரும்பிப் பார்த்து, இப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்றேன். மலையடிவாரத்து அணைப் பக்கம் வரும்போது விடிந்துவிட்டது.

4. ஆஸ்பத்திரி வாசல்

விஷயம் என்னவென்று சொல்கிறேன். அந்தச் சிவப்பு லைட்டை எல்லாரும் வெறும் எச்சரிக்கை என்று நினைக்கிறார்கள். பழைய வண்டிகளில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. சாவி போட்டதும் பேட்டரியிலிருந்து கொஞ்சம் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்குள் போகும். அதுதான் அதைத் தட்டி எழுப்பும். எழுந்தபிறகு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், லைட்டும் அணைந்துவிடும். பல்பைக் கழற்றிவிட்டால் எழுப்ப ஆள் இல்லை. இன்ஜினைப் பலமாக ரேஸ் பண்ணினால் மட்டும், உள்ளே மிச்சமிருக்கிற காந்தத்தில் தானாக விழித்துக்கொள்ளும். ஏற்றத்தில் விழித்துக்கொண்டது. கடையில் நான் ரேஸ் பண்ணச் சொன்னதால் விழித்துக்கொண்டது. மனைவிக்காக மெதுவாக இறக்கிய ரோட்டில் மட்டும் கடைசி வரைக்கும் தூங்கிக்கொண்டே போயிருக்கிறது.

பழைய ஆல்டர்னேட்டரில் பிரஷ் தேய்ந்திருந்தபோது அந்த லைட் உண்மையைத்தான் சொல்லி மினுக்கியது. ஆயக்குடிக்காரர் ஆல்டர்னேட்டரை மாற்றியதோடு கோளாறு தீர்ந்திருக்கவேண்டும். அதற்குள் பல்பு கழன்றுவிட்டது.

மேரியக்காவை உள்ளே விட்டுவிட்டு வந்த சவரிமுத்து அண்ணன் வேப்பமர நிழலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கேட்பதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பல்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். துணியில் சுற்றி வைத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னார். நான் நினைத்ததுதான். வண்டியில் இருக்கிற கோளாறு தெரியாமல் இல்லை, சரி பண்ணக் கொடுத்தால் இரண்டு நாள் வண்டி நின்றுவிடுமே, அதுவரைக்கும் அவள் பயப்படாமல் வரட்டும் என்று கழற்றியிருக்கிறார். கழற்றிய அன்றைக்கு அந்த அம்மா சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டே இறங்கியிருக்கிறார். அதைப் பார்த்தபிறகு அவருக்கு மறுபடி மாட்ட மனம் வரவில்லை. மூன்று தடவையும் மேரியக்காவை வைத்துக்கொண்டே என் கடைக்கு வந்ததால் என்னிடம் சொல்லவும் முடியவில்லை.

பிறகு அவர் கேட்டார். "இந்த லைட்டு இல்லாம சார்ஜ் ஏறுற மாதிரி எதாச்சும் பண்ண முடியாதா, பாய்?"

முடியும். பல்புக்குப் பதிலாக, கரண்டை அளவாக விடுகிற ஒரு ரெசிஸ்டன்ஸை டாஷ்போர்டுக்குப் பின்னால் மாட்டிவிட்டால் போதும். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும், பத்து நிமிஷ வேலை. லைட் எரியாது, சார்ஜ் ஏறும், யாருக்கும் தெரியாது. எனக்கும் அன்றைக்கு அசதி. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. இதை மாட்டிவிட்டு, மத்தியான பஸ்ஸைப் பிடித்து, கடையைத் திறக்காமல் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. கையை நீட்டிப் பல்பை வாங்கிவிட்டேன். வாங்கியபிறகு எழுந்திருக்க முடியவில்லை.

"அண்ணே, உங்க வண்டியில பிரேக்குக்கு வேக்குவம் எங்கேருந்து வருதுன்னு தெரியுமா?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பானெட்டைத் திறந்து காட்டினேன். அந்த மாதிரி டீசல் இன்ஜினில் பிரேக்கை லேசாக்குகிற வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். இரண்டையும் ஒரே பெல்ட்தான் சுற்றும். இன்ஜினுக்குத் தண்ணீர் தள்ளுகிற பம்பையும் அதே பெல்ட்தான். பெல்ட் அறுந்தால் முதலில் எரிவது அந்தச் சிவப்பு லைட். அதன் பிறகு பிரேக் ஒன்றிரண்டு மிதி தாங்கும். அப்புறம் கல்லை மிதிக்கிற மாதிரி ஆகிவிடும். மலையில், பனியில், பெரிய கியரில், பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவருக்கு அந்த லைட் இல்லையென்றால் சொல்லுவதற்கு வேறு யாருமில்லை.

அவர் பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வாரத்துக்கு மூன்று தடவை இத்தனை நாள் இறங்கியதை நினைத்திருப்பார். பிறகு மெதுவாக, "மாட்டிருங்க. ஆனா அவகிட்ட நீங்க சொல்லிருங்க, பாய்" என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஒயரை மாட்டுவது என் வேலை, புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் போவது என் வேலை இல்லை. நீங்கள் சொன்னால்தான் மாட்டுவேன், இல்லையென்றால் இந்த வண்டியில் கை வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கடுமையாகத்தான் சொன்னேன். அவர் ஆஸ்பத்திரிக்குள் போனார்.

மேரியக்கா வெளியே வர மத்தியானம் ஆகிவிட்டது. ஊசி குத்திய கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அண்ணனின் தோளைப் பற்றி நடந்து வந்தார். காரில் ஏறி உட்கார்ந்தபிறகு அண்ணன் ஜன்னலோரம் நின்று சொன்னார். சரி பண்ணவில்லை, கழற்றிவிட்டேன் என்று மட்டும் சொன்னார். காரணம் எதையும் சொல்லவில்லை. நான் சொல்லவா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

அந்த அம்மா அழவில்லை, கத்தவும் இல்லை. புருஷனை நிமிர்ந்து பார்த்து நிதானமாகக் கேட்டார். "வேற என்னத்த எல்லாம் கழட்டி வச்சிருக்கீங்க?"

அண்ணன் வண்டியைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் கொய்யாப்பழ வண்டிக்காரரிடம் ஆயக்குடியில் இந்த வருஷம் காய்ப்பு எப்படி என்று தேவையில்லாமல் விசாரித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் நெடுநேரம் பேசினார்கள். அண்ணன் அதுவரை மறைத்து வைத்திருந்தது டாக்டர் சொன்னதாக இருக்கலாம், மகள் சொன்னதாக இருக்கலாம். எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் நான் விரும்பவில்லை. திரும்பி வந்தபோது அண்ணனின் கண் சிவந்திருந்தது. அக்கா ஜன்னல் கண்ணாடியை இறக்கி, "வெரசா மாட்டுங்க பாய், வீட்டுக்குப் போகணும்" என்றார்.

பல்பை மாட்டினேன். அப்போது அந்த அம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். இத்தனை வருஷத்தில் எந்த வண்டிக்காரரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. "இது எப்ப எரியணும், எப்ப எரியக்கூடாது?" என்றார்.

சாவியைத் திருப்பச் சொன்னேன், சிவப்பு எரிந்தது. இது எரியத்தான் வேண்டும், எரியாவிட்டால்தான் கோளாறு என்றேன். ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன், அணைந்தது. இப்போது இது அணைந்தே இருக்கவேண்டும், ஓடும்போது எரிந்தால் உடனே ஓரம் கட்டி நிறுத்தவேண்டும் என்றேன். அக்கா அணைக்கச் சொல்லி, மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை அவரே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார்.

"இம்புட்டுதானா? இத யாராச்சும் அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏன் பயப்படுறேன்?" என்றார். அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இனி இத நான் பாத்துக்கிறேன். நீங்க ரோட்டப் பாருங்க. சும்மா உக்காந்து வர்றதுக்கு எனக்கும் ஒரு சோலி ஆச்சு."

5. ஒரு போன்

அதன் பிறகு அந்த வண்டி சார்ஜ் புகாரோடு என் கடைக்கு வரவில்லை. மேரியக்கா வடகவுஞ்சியிலேயேதான் இருந்தார். மழைக்காலம் முழுக்க அவர்கள் இறங்கினார்கள், ஏறினார்கள்.

மழை விட்டு, மறுபடி பனி விழ ஆரம்பித்த சமயம் ஒரு காலையில் போன் வந்தது. நான் இன்னும் பல்கூட விளக்கவில்லை. அண்ணனின் நம்பர். எடுத்தால் அக்காவின் குரல்.

"பாய், செவப்பு எரிஞ்சுச்சு. உடனே நிறுத்தச் சொல்லிட்டேன். சவரிக்காட்டுக்குக் கீழ, ஓரமாத்தான் நிக்கிறோம்."

பானெட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டார்களாம், அறுந்து தொங்குகிறதாம். வண்டியை எடுக்கவேண்டாம், டயருக்குக் கல்லைப் போடுங்கள் என்றேன். அதையும் போட்டாகிவிட்டது என்றார். அண்ணனிடம் போனைக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"அவரு பேசுற நெலமையில இல்ல, பாய். கீழ எட்டிப் பாத்துட்டு நடுங்கிப்போய் உக்காந்திருக்காரு. நீங்க பதறாம வாங்க. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

பெல்ட்டை எடுத்துக்கொண்டு, பழனிக்கு இறங்கிய ஒரு காய்கறி வேனில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி டயாலிசிஸ் முறையை மத்தியானத்துக்கு மாற்றி வாங்கியிருந்தார் அக்கா. நான் போனபோது இரண்டு பேரும் ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் சால்வை அண்ணன் தோளில் கிடந்தது. பெல்ட்டை மாட்டி, சாவியைத் திருப்பி, சிவப்பு எரிவதையும் அணைவதையும் அக்கா பார்த்தபிறகுதான் வண்டி கிளம்பியது.

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது அதிகம் இல்லை. கற்றதில் பாதி புதிய வண்டிகளுக்கு உதவாது. ஆனால் அதற்குப் பிறகு பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்கிறேன். எந்த ரோட்டில் எப்படி ஓட்டுவீர்கள்? பக்கத்தில் யார் உட்கார்ந்து வருவார்கள்? வருகிறவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். பேட்டரியைப் பார்க்கச் சொன்னால் குடும்பத்தை விசாரிக்கிறானே என்று ஒருத்தர் முகத்துக்கு நேராகவே சொன்னார். எனக்கும் இதெல்லாம் பேசத் தெம்பில்லை. கேட்டுவிட்டு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறவர் பதில் சொல்லும்வரை மீட்டரைக் கையில் எடுக்காமல் நிற்கிறேன்.